முனியப்பன் கொடுத்த காயில்

வேகமான எஞ்சினுக்கு இக்னிஷன் காயில் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நேற்று டீ குடிக்கும்போது உங்களில் ஒருவர் கேட்டார். யார் என்று சொல்லி மாட்டிவிட மாட்டேன். கேட்ட கையோடு விலைப் பட்டியலைப் பிரித்து, எது விலை அதிகமோ அதன்மேல் விரலை வைத்ததையும் சொல்ல மாட்டேன். உங்கள் வயதில் நான் அதைவிட மோசமாகத் தேர்ந்தெடுத்தவன். அரளிப் பூவை வைத்துத் தேர்ந்தெடுத்தேன். அதிலும் திருட்டுத்தனம் செய்தேன். ஒயரை எங்கே மாட்டுவது, நட்டை எவ்வளவு முடுக்குவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதனால் அதை விட்டுவிட்டு இந்தத் திருட்டைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டவருக்கு வேண்டிய பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முந்தைய காலம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். கரண்டு வேலை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கெட்டிக்காரன் என்பதால் அல்ல, ஷாக் அடித்தால் சிரிக்கிற ஆள் அங்கே நான் ஒருவன்தான். இருபத்து மூன்று வயது. எனக்குத் தெரியாத காயில் இந்தச் சீமையில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில் ஒரு மிட்டாதார் இருந்தார். பல ஊர்களுக்கு வரி வாங்கும் பெரிய குடும்பம். அவரிடம் எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார் ஒன்று இருந்தது. மனிதருக்கு வேகம் என்றால் உயிர். ஆனால் சக்கரத்தைத் தொட மாட்டார். பின் சீட்டில் சாய்ந்துகொண்டு "வெரசா, வெரசா" என்று சொல்வதுதான் அவர் கார் ஓட்டும் விதம். முன்னால் உட்கார்ந்து நிஜமாக ஓட்டியவர் பழனியப்பன். ஒன்பது வருஷமாக அவர்தான் டிரைவர். மிட்டாதாரின் தோட்டத்தில் கொடுத்த வீட்டில் மனைவி, மூன்று பெண் குழந்தைகளோடு குடியிருந்தார்.

அந்தக் காருக்கு வேகம் போதவில்லை என்று எங்களிடம் அனுப்பினார்கள். நாங்கள் ஹெட்டை இழைத்து, உள்ளே பெட்ரோல் புகை முன்னைவிட இறுக்கமாக அமுங்கும்படி செய்து அனுப்பினோம். கார் பறந்தது. ஆனால் மேடு வந்தால் விக்கியது. இறுகிய புகைக்குள் பொறி விழுவதற்குப் பழைய காயிலுக்குத் தெம்பு இல்லை. எங்களுக்கு இது புரிந்தது, மிட்டாதாருக்குப் புரியவில்லை. பழனியப்பனுக்கு வயதாகிவிட்டது, கால் நடுங்குகிறது, அதனால்தான் கார் விக்குகிறது என்று முடிவு கட்டிவிட்டார். அந்த மாதக் கடைசியில், அவருடைய மகளைக் கொடுக்க இருந்த வீட்டாரை ஏற்காட்டு மலைக்குக் காரில் அழைத்துப் போவதாக ஏற்பாடு. புதுக் காயில் போட்ட பிறகும் அன்றைக்குக் கார் விக்கினால் பழனியப்பன் சாவியை வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சாவி போனால் வீடும் போகும்.

பழனியப்பன் என்னிடம் வந்து ஒரே வார்த்தைதான் சொன்னார். "நல்லதாப் பாத்து மாட்டுங்க தம்பி." அதற்கு நான் அவர் தோளில் தட்டிக் கொடுத்தேன். என்னைவிட இருபது வயது பெரியவர். இப்போது நினைத்தாலும் அந்தக் கையைப் பிடித்து நாலு அடி வைக்கலாம் போல இருக்கிறது.

என்னிடம் மூன்று காயில் இருந்தன. ஒன்று மெட்ராஸிலிருந்து வந்தது, புதுசு, சிவப்பு அட்டைப் பெட்டியில் தங்க எழுத்து. இரண்டாவது, எங்கள் அலமாரியில் கிடந்த சாதாரணக் காயில். மூன்றாவது, பெங்களூரில் ஒரு பட்டாளத்துத் துரை பந்தயத்துக்கு ஓட்டி உருட்டிய காரிலிருந்து கழற்றியது. குட்டையானது, மூக்கு நசுங்கியது, பார்த்தால் யாரும் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டார்கள்.

பெஞ்சில் பேட்டரியை வைத்து மூன்றையும் சோதித்தேன். காயிலுக்குப் போகும் கரண்டை வெட்டி வெட்டி விடும் பாயிண்டைக் கையாலேயே திறந்து மூடினேன். சிவப்புப் பெட்டிக் காயில் கட்டைவிரல் அகலத்துக்கு நீலப் பொறியைத் தாண்ட வைத்தது. அலமாரிக் காயில் அதில் பாதி. மூக்கு நசுங்கியது இன்னும் குறைவு. அன்றைக்கு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் அந்த நீலப் பொறியைக் காட்டினேன். பால்காரருக்குக் காட்டினேன். தபால்காரரை நிறுத்திக் காட்டினேன். பெட்ரோல் நனைத்த துணியை நீட்டி, அந்தப் பொறியில் பீடி பற்றவைத்துக் கொடுத்தேன். எனக்கு நிலைகொள்ளவில்லை. உலகத்திலேயே நீளமான பொறி என் பெஞ்சில் இருக்கிறது என்று மிதந்துகொண்டிருந்தேன்.

ஆனால் மிட்டாதார் எதையும் பூக் கேட்காமல் செய்பவர் அல்ல. மாடு வாங்கினால் பூ, கிணறு வெட்டினால் பூ, கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்குக்கூட அம்மன் காலடியில் பொட்டலம் வைத்து உத்தரவு வாங்கிய மனிதர். காயில் என்றதும், "மூணு இருக்குதா? அப்பக் கேட்டுரலாம்" என்றார். சிவப்பு அரளி வந்தால் மெட்ராஸ் காயில், மஞ்சள் வந்தால் அலமாரிக் காயில், வெள்ளை வந்தால் மூக்கு நசுங்கியது என்று பேசிக்கொண்டோம். பூவைப் பொட்டலம் கட்டும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள்.

கோயில் வாசலில் உட்கார்ந்து வாழை இலை நறுக்கில் மூன்று பொட்டலம் கட்டினேன். மூன்றிலும் சிவப்பு அரளியையே வைத்தேன்.

எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை என்பதுதான் இதில் கேவலம். அம்மனுக்கு ஒத்தாசை செய்வதாகத்தான் நினைத்தேன். அவளுக்கு என் பெஞ்சுக்கு வந்து பொறியைப் பார்க்க நேரமில்லை, நான் பார்த்துச் சொல்கிறேன், அவ்வளவுதானே என்று இருந்தது. மிட்டாதாரின் வீட்டம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். பூசாரி பிரித்தார். சிவப்பு. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், நானும் போட்டுக்கொண்டேன். மீதி இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டு வந்து வழியில் ஒரு வேலியோரம் வீசினேன்.

காயிலை மாட்டி ஓமலூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். அதைப்போல ஒரு ஓட்டத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. சமதளம், டாப் கியர், ஒரு விக்கல் இல்லை. பழனியப்பன் சிரித்தார். மிட்டாதார் "வெரசா" சொல்ல மறந்துபோய்த் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார். மாட்டு வண்டிக்காரர்கள் ரோட்டை விட்டுச் சோளக்காட்டுக்குள் இறங்கி நின்று பார்த்தார்கள். நான் முன் சீட்டில் சக்கரவர்த்தி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அந்த நாள் வந்தது. பின்னால் மிட்டாதார், வரப்போகும் சம்பந்தி, இரண்டு வீட்டு அம்மாக்கள், நடுவில் மடக்குச் சீட்டில் சம்பந்தியின் தம்பி, முன்னால் பழனியப்பனும் நானும். மற்ற இரண்டு காயிலும் என் பெட்டியில் இருந்தன. எடுத்துவை என்று சொன்னவர் பழனியப்பன், இந்தப் புத்தியையும் நான் எனதென்று சொல்லிக்கொள்ள முடியாது. காலை வெயில் ஏறும்போது கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி மலை ரோட்டில் ஏறினோம்.

முதல் வளைவு போயிற்று. இரண்டாவது வளைவில் பழனியப்பன் கியரைக் குறைத்து ஆக்ஸிலேட்டரை முழுக்க அமுக்கினார். எஞ்சின் கத்திக்கொண்டு ஏறியது. மூன்றாவது வளைவில் ஒரு விக்கல். அப்புறம் இரண்டு. அப்புறம் காருக்கே இருமல் வந்துவிட்டது. ஒவ்வொரு இருமலுக்கும் பின் சீட்டில் எல்லாரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள், பாட்டுக் கச்சேரியில் தாளம் போடுகிற மாதிரி. சம்பந்தியின் வாயிலிருந்த வெற்றிலைச் சாறு வெள்ளைச் சட்டையில் கோலம் போட்டது. ஐந்தாவது வளைவில் கார் நின்றேவிட்டது.

பழனியப்பன் பிரேக்கும் கையுமாகப் பின்னாலேயே இறக்கி, ஒரு கீறல் படாமல் அடிவாரத்துக்குக் கொண்டுவந்தார். அந்தத் திறமையை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. அங்கே ஒரு சோடாக் கடை. விருந்தாளிகளுக்கு சோடா உடைக்கச் சொல்லிவிட்டு மிட்டாதார் இறங்கிப் பழனியப்பன் முன்னால் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"காயிலு அம்மன் குடுத்தது. அதுல குத்தமிருக்காது. அப்பக் குத்தம் யாரு மேல?"

பழனியப்பன் சாவியை எடுத்துத் துண்டில் துடைத்தார். "எம்மேலதானுங்களா எசமான்? அப்படின்னா நானே எறங்கிக்கறனுங்க. அவுங்களக் கூட்டிக்கிட்டு ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் மட்டும் நானே ஓட்டறனுங்க."

பிளக் அழுக்கு என்று சொல்லலாமா, பெட்ரோலில் தண்ணீர் என்று சொல்லலாமா என்று என் மனசு நாலு பக்கமும் ஓடியது. எதைச் சொன்னாலும் காயிலை மாற்ற முடியாது. காயில் அம்மன் உத்தரவு. அந்த உத்தரவு பொய் என்று தெரிந்த ஆள் ஊரிலேயே நான் ஒருவன். நான் வாயைத் திறக்காவிட்டால் அந்த மூன்று பெண் குழந்தைகளும் தட்டுமுட்டுச் சாமானோடு தெருவுக்கு வருவார்கள். திறந்தால் அம்மனையே ஏமாற்றியவன் என்று எனக்கு இந்தச் சீமையில் யாரும் வேலை தர மாட்டார்கள்.

தம்பிகளே, இந்த வேலையில் எத்தனையோ இக்கட்டு வரும். ஓடுகிற பஸ்ஸில் தீப்பிடிக்கும், பிரேக் போகும். அதெல்லாம் கை பார்த்துக்கொள்ளும். தப்பு உங்களுடையது, தண்டனை வேறொருவருக்கு என்று வரும்போது கை உதவாது. நான் மிட்டாதாரை சோடாக் கடைக்குப் பின்னால் வரும்படி கேட்டேன்.

"எசமான், பொட்டலத்துல நாந்தான் பூ வெச்சனுங்க. மூணுலயும் செவப்பு வெச்சுட்டனுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "மூணுலயுமா?"

"மூணுலயுமுங்க."

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "செரி. மூணுல எது நல்ல காயிலுன்னு இப்பவாச்சும் உனக்குத் தெரியுமா?"

பொறி நீளம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஐந்தாவது வளைவு ஞாபகம் வந்தது. "தெரியலீங்க" என்றேன். அந்த வார்த்தையை என் தொழிலில் நான் முதன்முதலாகச் சொன்னது அங்கேதான்.

"அப்பத் தெரிஞ்சுக்கிட்டு வா சாமி. சோடாக் குடிச்சு முடிக்கற வரைக்கும் அவுங்கள நான் பேச்சுல புடிச்சு வெக்கிறேன்" என்று போய்விட்டார்.

எப்படித் தெரிந்துகொள்வது? என் பெஞ்சுச் சோதனையில் எஞ்சினில் உள்ள இரண்டு சங்கதிகள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்டவெளியில் பொறி விட்டேன். எஞ்சினுக்குள் புகை அமுங்கி இறுகி இருக்கிறது. கையால் நிதானமாகப் பாயிண்டைத் திறந்தேன். மலையில் குறைந்த கியரில் எட்டு சிலிண்டரும் மூச்சு விடாமல் பொறி கேட்கின்றன. இறுக்கமும் வேகமும் சேர்ந்த இடத்தில் பொறியைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு நான் எங்கே போவேன் என்று நிற்கும்போது கடைக்காரர் ஒரு சோடாவை உடைத்தார். பாட்டில் டப்பென்று சீறியது.

நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்திருப்பேன் போலிருக்கிறது, சம்பந்தி திரும்பிப் பார்த்தார்.

கடைக்காரரிடம் கோலி பாட்டில் போக, தோட்டத்து துரைமாருக்காக வைத்திருந்த கனத்த பாட்டில்களும் இருந்தன. கார்க் அடைத்துக் கம்பி கட்டுகிற ரகம். ஒரு கார்க்கில் இரண்டு செப்புக் கம்பியைச் செருகி, உள்ளே நுனிகள் பிளக்கில் உள்ளது போல மயிரிழை இடைவெளியில் நிற்கும்படி வளைத்தேன். பாட்டிலில் பாதி அளவுக்குச் சோடாவை ஊற்றி, கார்க்கை இறுக்கிக் கட்டி, கடைக்காரர் ஒரு குலுக்குக் குலுக்கினார். மேல் பாதியில் கேஸ் இறுகி நின்றது. வெடித்தால் முகம் போய்விடும் என்று ஈரச் சாக்கைச் சுற்றி, ஒரு ரூபாய் அகலத்துக்கு மட்டும் திறந்துவிட்டார். எஞ்சினில் ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி ஒரு கம்பியில் மாட்டினேன். மற்றக் கம்பியைக் காரின் உடம்போடு சேர்த்துக் கட்டினேன். மற்ற ஏழு சிலிண்டரில் எஞ்சின் ஓடும், எட்டாவதின் பொறியை நாம் சோடா பாட்டிலில் பார்க்கலாம்.

பழனியப்பனைக் கூப்பிட்டேன். "உங்க காலுதானுங்க இப்ப வேணும்" என்றேன். நடுங்குகிற கால் என்று பேர் வாங்கிய அந்தக் கால் ஆக்ஸிலேட்டரை அமுக்கியது, ஒரே சீராக, படிப்படியாக.

முதலில் மெட்ராஸ் காயில். மெதுவாக ஓடும்போது பாட்டிலுக்குள் நீலப் பொறி குதித்தது. வேகம் கூடக் கூட இளைத்தது. விட்டுவிட்டு வந்தது. எஞ்சின் கத்தும்போது பாட்டிலுக்குள் ஒன்றுமே இல்லை, சோடாக் குமிழிதான் இருந்தது. அடுத்து அலமாரிக் காயில். அது கொஞ்சம் தாக்குப் பிடித்து, அப்புறம் கைவிட்டது. மூன்றாவதாக மூக்கு நசுங்கியதை மாட்டினேன். பழனியப்பன் முழுக்க அமுக்கினார். பொறி குட்டையாக, தடிப்பாக, ஒன்றுகூடத் தவறாமல் நின்றது. சாக்கின் ஓட்டைக்குள் ஒரு சாமந்திப் பூ மாட்டிக்கொண்டது போல இருந்தது. நான் குதித்தேன். கடைக்காரர் பாட்டிலைக் காப்பாற்றுவதா என்னைக் காப்பாற்றுவதா என்று தெரியாமல் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

திரும்பினால் மிட்டாதார் என் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. மெட்ராஸ் காயிலை மறுபடி மாட்டச் சொன்னார். பார்த்தார். மூக்கு நசுங்கியதை மாட்டச் சொன்னார். பார்த்தார். பெரிய மெட்ராஸ் காயில் ஒவ்வொரு பொறிக்கும் கரண்டு நிறைந்து வர நேரம் எடுத்துக்கொள்கிறது, இந்தக் குட்டை உடனே நிறைந்துவிடுகிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கெணத்துல தண்ணி எறைக்கறதுக்குப் பெரிய சாலக் கட்டிப்போட்டு மாட்ட வெரசா ஓட்டுனா, அரைச் சாலுத் தண்ணிதான மேல வரும்? சின்னச் சாலுன்னா ஒவ்வொரு தடவையும் ரொம்பி வரும். இதுக்குப்போய் நீ சேலத்துல படிச்சியா?"

நான் பிற்பாடு எத்தனையோ புத்தகம் பார்த்தேன். வேகமான எஞ்சினுக்கான காயிலைப் பற்றி அதைவிடத் தெளிவாக எதிலும் எழுதியிருக்கவில்லை. அந்தக் குட்டைக் காயில் கரண்டை அதிகம் குடிக்கும், பாயிண்டைச் சீக்கிரம் தேய்க்கும், கை வைத்தால் சுடும். அது அதனுடைய கூலி, கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இனி விருந்தாளிகளிடம் என்ன சொல்வது? அம்மன் கொடுத்ததை மாற்றினோம் என்று சம்பந்தி வீட்டார் முன்னால் சொன்னால் அபசகுனம் என்று கல்யாணமே நின்றுவிடும். என்னைக் காட்டிக் கொடுத்தாலோ, கோயிலில் பித்தலாட்டம் நடக்கிற வீடு என்று பெயராகும். மிட்டாதார் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு அவர்களிடம் போனார்.

"அம்மன் உத்தரவு நம்மூட்டுச் சீமைக்குத்தானுங்க. சமதளத்துல காரு எப்படி ஓடுச்சுன்னு ஓமலூர்க்காரங்களக் கேளுங்க. மலை முனியப்பனோட எல்லை. அவருகிட்டக் கேக்காம ஏறுனது நம்ம தப்பு."

"அதுவுஞ் செரிதானுங்க" என்றார் சம்பந்தி, சட்டைக் கறையைத் துண்டால் மறைத்துக்கொண்டு.

ரோட்டோரம் அரிவாளோடு ஒரு முனியப்பன் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே மூன்று நிறத்திலும் அரளிச் செடிகள். நான் பூப் பறிக்கப் போனேன். "நீ உக்காரு" என்று மிட்டாதார் என்னை அமர்த்திவிட்டு, தானே போய்ப் பறித்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொட்டலம் கட்டினார். பொட்டலம் எடுக்கும் மரியாதையை சம்பந்திக்குக் கொடுத்தார்.

அந்த நேரத்தில் நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்வது. பாட்டிலில் உண்மையைப் பார்த்தாகிவிட்டது. ஆனால் மூன்றில் ஒன்றுதான் மூக்கு நசுங்கியதற்கான வெள்ளை. சிவப்போ மஞ்சளோ வந்தால் மறுபடி ஐந்தாவது வளைவு, பழனியப்பன் சாவியைத் துடைக்க வேண்டியதுதான். சம்பந்தி நிதானமாகக் கண்ணை மூடி, நிதானமாக வேண்டிக்கொண்டு, நடுப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார்.

வெள்ளை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முனியப்பன் மீசையைப் பார்த்துக் கும்பிட்டேன். அந்தக் கும்பிடு மட்டும் மனசாரப் போட்டது.

கார் ஏறியது. ஐந்தாவது வளைவில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம், கார் பிடிக்கவில்லை. பத்தாவது வளைவுக்குமேல் மிட்டாதாருக்கு "வெரசா" திரும்பி வந்தது. சம்பந்தியும் "வெரசா" என்றார். கடைசி நாலு வளைவுகளுக்கு இரண்டு வீட்டு அம்மாக்களும் சேர்ந்து "வெரசா" என்று கத்தினார்கள். பழனியப்பன் வாயே திறக்காமல் ஓட்டினார், காது மட்டும் சிவந்து போயிருந்தது.

மேலே ஏரிக்கரையில் எல்லாரும் இறங்கிக் கட்டுச் சோற்றைப் பிரித்தார்கள். மிட்டாதார் முதல் இலையைப் பழனியப்பனுக்குப் போடச் சொன்னார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, மடியிலிருந்து சம்பந்தி எடுக்காத இரண்டு பொட்டலங்களையும் எடுத்துக் கையில் கொடுத்தார்.

"இத ஏரியில போட்டுட்டு வா சாமி. பிரிச்சுப் பாக்காத."

பிரித்துப் பார்த்தேன். முதலாவதில் வெள்ளை. இரண்டாவதிலும் வெள்ளை.

திரும்பிப் பார்த்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பழனியப்பன் இலையில் தயிர் ஊற்றிக்கொண்டிருந்தார். முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

அவர் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் வருஷக்கணக்காக அதை யோசித்திருக்கிறேன். நான் பார்க்காமலே மூன்று பொட்டலத்திலும் என் ஆசையை வைத்தேன். அவர் குனிந்து, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு வைத்தார். நீங்கள் மீட்டரை வைத்துச் சோதிக்கிறீர்கள், நல்லது. ஆனால் அந்தச் சோதனை உங்களுக்குப் பிடித்த காயிலைத் தோற்கடிக்க முடியுமா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் நீங்களும் சிவப்பு அரளியைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

கல்யாணம் நடந்தது. பழனியப்பன் அந்தக் காரை அதன் ஆயுள் முடியும்வரை ஓட்டினார். பிறகு மிட்டாதார் இன்னும் வேகமான கார் ஒன்றை வாங்கினார், அதற்குக் காயில் பார்க்க வேண்டும் என்று பழனியப்பனையே என்னிடம் அனுப்பினார். சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்:

"பூவ நான் பாத்துக்கறேன். நீ மொதல்ல சோடா பாட்டலக் கொண்டா."